கேரள எல்லையிலிருந்து ஃபைனான்ஸ் எம்பிஏ: சான்றிதழில் சறுக்காமல் சேர்வது எப்படி?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மூணாறு, பீர்மேடு, ஆரியங்காவு. கேரளத்துக்குள் வீடும் தமிழில் பேச்சுமாக இருக்கும் ஊர்களிலிருந்து ஃபைனான்ஸில் முதுகலை படிக்கக் கிளம்புகிறவர்களுக்கான குறிப்பு இது. நுழைவுத் தேர்வுக்குப் புத்தகமும் கோச்சிங்கும் எங்கும் கிடைக்கின்றன. எல்லைக்காரர்கள் அடிபடுவது வேறு இடத்தில். ‘நீ எந்த ஊர்?’ என்று கவுன்சலிங் மேஜையில் கேட்கும்போது, கையிலுள்ள காகிதங்கள் ஆளுக்கொரு பதில் சொல்லும். அதனால் படிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் காகிதத்திலிருந்தே தொடங்குவோம்.

1. நீங்கள் எந்த மாநிலம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நான்கு காகிதங்களை மேஜையில் பரப்புங்கள்: பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் (கேரளத்தில் படித்திருந்தால் எஸ்எஸ்எல்சி புத்தகம்), ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ். நான்கும் ஒரே மாநிலத்தைக் காட்டினால் கொடுத்து வைத்தவர் நீங்கள். பிரசவத்துக்கு அம்மா பொள்ளாச்சிக்குப் போயிருப்பார், பள்ளிக்கூடம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில், ரேஷன் கார்டு பாலக்காட்டில், அப்பாவின் சாதிச் சான்றிதழ் உடுமலையில் என்று சிதறிக் கிடப்பதே இங்கே வழக்கம்.

மாநில ஒதுக்கீட்டில் சேர ஒரு மாநிலத்தைத்தான் பிடிக்க முடியும். இரண்டு பக்கமும் நேட்டிவிட்டி (இந்த மாநிலத்துக்காரர் என்ற சான்று) வாங்கி வைத்துக்கொண்டு, எது கிடைக்கிறதோ அதில் சேரலாம் என்று நினைக்காதீர்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் தெரிந்தால், சேர்ந்த பிறகும் இடம் பறிபோகும்.

தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு. அது தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழும் தமிழ்நாட்டு நேட்டிவிட்டியும் உள்ளவர்களுக்கு மட்டும். கேரள வில்லேஜ் ஆபீஸில் வாங்கிய சாதிச் சான்றிதழோடு போனால், பொதுப் பிரிவில்தான் உட்கார வைப்பார்கள். எதிர்ப்பக்கமும் அப்படியே.

தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இதில் இன்னொரு முடிச்சு. பட்டியல் சாதிச் சலுகை எந்த மாநிலத்தில் கிடைக்கும் என்பதை, 1950 குடியரசுத் தலைவர் ஆணை வந்தபோது குடும்பம் எங்கே நிரந்தரமாக இருந்தது என்பதை வைத்து முடிவு செய்கிறார்கள். அதற்குப் பிறகு தேவிகுளம், பீர்மேடு பக்கம் வந்த குடும்பம் என்றால் கேரளத்தின் மாநிலச் சலுகை கிடைப்பது கடினம். ஆனால் ஐஐஎம் (இந்திய மேலாண்மைக் கழகம்), மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு வழி அடைபடவில்லை. அப்பாவுக்கு அவருடைய சொந்த மாநிலம் கொடுத்த சான்றிதழைக் காட்டி, இப்போது குடியிருக்கும் மாநிலத்திலேயே ‘இடம்பெயர்ந்தவர்’ என்ற படிவத்தில் சான்றிதழ் வாங்கலாம். தாலுகா ஆபீஸில் இந்தப் படிவத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வெறுமனே ‘சாதிச் சான்றிதழ்’ என்றால் மனுவைத் திருப்பித் தர வாய்ப்பு அதிகம்.

தாத்தா எந்த வருடம் எஸ்டேட்டில் சேர்ந்தார் என்பதற்கு எஸ்டேட் பதிவேடோ பழைய பிஎஃப் காகிதமோ வீட்டில் இருந்தால், அதைத் தேடி எடுக்க வேண்டிய நேரமும் இதுதான்.

2. எந்தப் படிப்பு என்று பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

‘ஃபைனான்ஸ் எம்பிஏ’ என்று விளம்பரத்தில் இருப்பது பெரும்பாலும் சாதாரண எம்பிஏதான். முதல் வருடம் எல்லோருக்கும் ஒரே பாடம். இரண்டாம் வருடம் ஃபைனான்ஸை விருப்பப் பாடமாக எடுக்க வேண்டும். குறைந்தபட்ச எண்ணிக்கையில் மாணவர் சேராவிட்டால் டெரிவேட்டிவ்ஸ், ஃபைனான்ஷியல் மாடலிங் மாதிரிப் பாடங்களைக் கல்லூரி நடத்தாது. ‘போன வருடம் உண்மையில் எந்தெந்த ஃபைனான்ஸ் விருப்பப் பாடங்கள் நடந்தன? யார் எடுத்தார்கள்?’ என்று அட்மிஷன் ஆபீஸில் கேளுங்கள். சிலபஸில் இருப்பதைக் காட்டினால் போதாது.

முதல் நாளிலிருந்தே ஃபைனான்ஸ் வேண்டுமென்றால் அதற்கென்றே தனிப் படிப்புகள் உண்டு. ஐஐஎம் கோழிக்கோட்டில் 2020 முதல் ஃபைனான்ஸுக்குத் தனி இரண்டாண்டுப் படிப்பு நடக்கிறது. செலவு 20 லட்சத்தைத் தாண்டும்.

எம்பிஏவுக்குப் பதிலாகச் சில கல்லூரிகள் தரும் பிஜிடிஎம் என்பது பட்டம் அல்ல, பட்டயம். தனியார் கம்பெனி வேலைக்கு அதனால் பெரிய வித்தியாசம் இல்லை. பின்னால் பிஎச்டி, கல்லூரி வேலை, அரசு வேலை என்ற எண்ணம் இருந்தால், அந்தக் கல்லூரியின் பிஜிடிஎம்முக்கு இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் எம்பிஏ இணைச் சான்று உண்டா என்று பாருங்கள். ஐஐஎம்கள் 2017 சட்டத்துக்குப் பிறகு பட்டமே கொடுக்கின்றன.

கல்லூரியில் பாடம் நடத்துவதுதான் ஆசை என்றால் எம்காம் ஃபைனான்ஸே போதும். செலவும் பல மடங்கு குறைவு. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் காமர்ஸ் 08, மேனேஜ்மென்ட் 17 என்று இரண்டும் தனித்தனிப் பாடங்கள். எம்காம்காரர் முதலாவதையும் எம்பிஏகாரர் இரண்டாவதையும் எழுதுவார். காசர்கோட்டில் உள்ள கேரள மத்தியப் பல்கலைக்கழகம், திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் எம்காமுக்கு சியூஇடி பிஜி என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.

3. எந்த நுழைவுத் தேர்வு, எப்போது, எவ்வளவு

கேட் (CAT): ஐஐஎம்கள் நடத்துவது. விண்ணப்பம் ஆகஸ்ட், செப்டம்பர். தேர்வு நவம்பர் கடைசி ஞாயிறை ஒட்டி. இரண்டு மணி நேரம், மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். சரியான விடைக்கு 3 மதிப்பெண், கொள்குறி வினா தப்பானால் 1 போகும், தட்டச்சு செய்யும் விடைக்குக் கழிவு இல்லை. 2025 தேர்வுக்குக் கட்டணம் 2,600 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளிகளுக்கு 1,300.

கேமேட்: கேரள நுழைவுத் தேர்வு ஆணையர் நடத்துவது. 180 கேள்வி, 720 மதிப்பெண், இரண்டரை மணி நேரம். சரிக்கு 4, தப்புக்குக் கழிவு 1. பொதுப் பிரிவுக்கு 72 மதிப்பெண் எடுத்தாலே தேர்ச்சி. பட்டியல் சாதி, பழங்குடிப் பிரிவுக்கு 54. கேரளத்தில் எம்பிஏ சேர கேட், சிமேட், கேமேட் மூன்றில் ஒன்று கட்டாயம். மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டிச் சேர்கிறவருக்கும் இது உண்டு. ‘அதெல்லாம் பார்த்துக்கலாம்’ என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். கடைசியில் பல்கலைக்கழகம் சேர்க்கையை ஏற்காமல் போனால் கட்டிய ஃபீஸுக்காக அலைய வேண்டியவர் நீங்கள்தான்.

இணையத்தில் தேடும்போது ஒரு பொறி இருக்கிறது. கர்நாடகத் தனியார் கல்லூரிகள் சங்கம் நடத்தும் தேர்வுக்கும் இதே கேமேட் என்றுதான் பெயர். அந்தப் பாரத்தை நிரப்பிப் பணத்தையும் கட்டிவிட்டால், கேரளத்தில் அந்த மதிப்பெண் செல்லாது. பாரத்தின் தலையில் ‘கேரள நுழைவுத் தேர்வு ஆணையர்’ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

டான்செட்: அண்ணா பல்கலைக்கழகம் நடத்துவது. 2025-ல் விண்ணப்பம் ஜனவரி, பிப்ரவரி வாக்கிலும் தேர்வு மார்ச்சிலும் நடந்தன. 100 கேள்வி, இரண்டு மணி நேரம். தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். கட்டணம் 1,000 ரூபாய். பட்டியல் சாதி, அருந்ததியர், பழங்குடியினருக்கு 500 என்ற சலுகை தமிழ்நாட்டுச் சான்றிதழ் உள்ளவருக்குத்தான். கேரளச் சான்றிதழை வைத்து 500 கட்டிய விண்ணப்பம் நிற்காது. எழுதினால் மட்டும் இடம் வந்துவிடாது. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி வழியாக நடக்கும் எம்பிஏ கவுன்சலிங்குக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இந்த இரண்டாவது பதிவை மறந்துவிட்டால் டான்செட் மதிப்பெண்ணால் பயனில்லை.

சிமேட்: அகில இந்திய அளவில் நடக்கும் தேர்வு. 100 கேள்வி, 400 மதிப்பெண், மூன்று மணி நேரம். இரண்டு மாநிலத்தின் தனியார் கல்லூரிகளிலும் கதவைத் திறந்து வைக்கும் தேர்வு என்பதால், எந்தப் பக்கம் என்று முடிவாகாதவர்கள் இதை விட வேண்டாம்.

வசதியில்லாத வீட்டுக்கு எங்கள் யோசனை: கேட் ஒன்று, சொந்த மாநிலத் தேர்வு ஒன்று, அவ்வளவுதான். தேர்வுக் கட்டணத்தைவிடப் பணத்தைத் தின்பது, ஒவ்வொரு பிசினஸ் ஸ்கூலும் கேட் மதிப்பெண்ணுக்கு மேல் தனியாக வாங்கும் விண்ணப்பக் கட்டணம். எண்பது பர்சன்டைலை (எழுதியவர்களில் எண்பது சதவீதம் பேரை முந்திய நிலை) வைத்துக்கொண்டு பத்து இடத்துக்குப் போட்டால் அந்தப் பணம் திரும்பாது. போன வருடக் கட்-ஆஃபைப் பார்த்துவிட்டு மூன்று நான்கோடு நிறுத்துங்கள்.

தேர்வு மையம்: பாலக்காட்டுக்காரர்கள் பாலக்காடு, கோயம்புத்தூர் இரண்டையும் விருப்பத்தில் போடலாம். கேட் காலை 8.30, பகல் 12.30, மாலை 4.30 என மூன்று வேளை நடக்கும். எந்த வேளை என்பது அவர்கள் கொடுப்பது. மூணாறிலிருந்து எர்ணாகுளத்துக்கோ மதுரைக்கோ போகிறவர் முந்தின நாளே இறங்கிவிடுங்கள். நவம்பரில் வடகிழக்குப் பருவமழையோடு மலைப்பாதையை நம்பி விடியற்காலை பஸ் ஏறக் கூடாது.

4. தகுதி மதிப்பெண்: 50-ஆ, 45-ஆ?

பட்டப்படிப்பில் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம் எங்கும் ஒன்றுதான். சலுகையில்தான் குழப்பம். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் உள்பட இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 போதும். கேட்டில் 45 என்பது பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும். ஓபிசிக்கு 50 வேண்டும். 47 சதவீதம் வாங்கிய ஓபிசி மாணவர் டான்செட் எழுதலாம், கேட் எழுதிப் பயனில்லை.

சிஜிபிஏவைச் சதவீதமாக்கும் கணக்கை நீங்களாகப் போடாதீர்கள். உங்கள் பல்கலைக்கழகம் சூத்திரம் கொடுத்திருந்தால் அதுதான் செல்லும். கொடுக்காவிட்டால் கேட் சொல்லும் வழி, வாங்கிய சிஜிபிஏவை அதிகபட்சத்தால் வகுத்து நூறால் பெருக்குவது, 10-க்கு 6.2 என்றால் 62. பல்கலைக்கழகத்தில் ‘சதவீத மாற்றுச் சான்று’ என்று ஒரு தாள் தருவார்கள். பட்டச் சான்றிதழுக்கு மனுப் போடும்போதே அதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். பின்னால் அதற்காகத் தனியாகப் பல்கலைக்கழகம் இருக்கும் தேஞ்ஞிப்பாலத்துக்கோ கோட்டயத்துக்கோ போகும் ஒரு பயணம் மிச்சம்.

2024-ல் கேரளப் பல்கலைக்கழகங்களில் நான்காண்டுப் பட்டப்படிப்பு தொடங்கியது. அதில் சேர்ந்தவர்கள் மூன்றாம் ஆண்டு முடிவில் பட்டத்தோடு வெளியேறலாம். எம்பிஏவுக்கு அந்த மூன்றாண்டுப் பட்டமே போதும். ஆனால் வெளியேறும் விருப்பத்தைக் கல்லூரியில் முறைப்படி கொடுத்திருக்க வேண்டும். பிளஸ் டூ முடிக்காமல் நேராகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்கள், பணம் கட்டுவதற்கு முன் அந்தக் கல்லூரி ஏற்குமா என்று எழுத்தில் கேளுங்கள். தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புக்குப் பிறகு பிளஸ் டூவோ டிப்ளமாவோ இல்லாமல் வாங்கிய பட்டத்தை ஏற்பதில்லை.

5. காகிதங்கள்: ஏப்ரலில் தொடங்கினால் ஜூலையில் கையில் இருக்கும்

பெயர்தான் முதல் சண்டை. எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் ‘சுரேஷ் கே’, ஆதாரில் ‘கே சுரேஷ்’, பட்டச் சான்றிதழில் ‘சுரேஷ் கந்தசாமி’. நமக்கு மூன்றும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். பத்தாம் வகுப்புச் சான்றிதழை அடிப்படையாக வைத்து, ஆதாரை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். அது சில வாரங்களில் முடிகிற வேலை. தலைகீழாக, ஆதாரில் உள்ளபடி பத்தாம் வகுப்புச் சான்றிதழை மாற்றக் கிளம்பினால் திருவனந்தபுரத்தில் உள்ள தேர்வுத் துறை அலுவலகமான பரீட்சா பவன் வரை போக வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். நேரம் இல்லையென்றால் கேரள வில்லேஜ் ஆபீஸில் ‘இரண்டு பெயரும் ஒரே நபர்’ என்ற சான்றிதழை அக்ஷயா சென்டர் (கேரளத்தின் இ-சேவை மையம்) மூலம் கேட்கலாம். தமிழ்நாட்டில் இதற்கு நோட்டரி வக்கீலிடம் உறுதிமொழிப் பத்திரம் போடுவார்கள். இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதற்கு இவ்வளவா என்று தோன்றும். கல்விக் கடனில் அப்பா பெயரும் இதே மாதிரி இரண்டு விதமாக இருந்தால் பேங்க்கில் ஃபைல் நகராது, அதையும் சேர்த்தே சரி செய்யுங்கள்.

அடுத்தது ஓபிசி சான்றிதழ். தமிழ்நாட்டின் சாதிச் சான்றிதழில் பிசி, எம்பிசி என்று இருக்கும். அதை அப்படியே கேட் விண்ணப்பத்தில் ஏற்றினால் ஏற்க மாட்டார்கள். மத்திய அரசின் படிவத்தில் ‘நான்-கிரீமி லேயர்’ (வசதி வரம்பைத் தாண்டாத குடும்பம்) சான்றிதழ் தனியாக வேண்டும். அதற்கு முன் உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் உங்கள் மாநிலத்தின் கீழ் இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலப் பட்டியலில் இருந்து மத்தியப் பட்டியலில் இல்லாத சாதிகள் உண்டு. ஒரே சாதி கேரளத்தில் ஒரு பெயரிலும் தமிழ்நாட்டில் வேறு பெயரிலும் இருக்கும். எழுத்துக்கூட்டல் மாறினாலும் சிக்கல்தான். கேரளத்தில் மாநிலத் தேவைக்கான நான்-கிரீமி லேயரை வில்லேஜ் ஆபீசரும், மத்தியத் தேவைக்கானதைத் தாசில்தாரும் தருவார்கள். அக்ஷயாவில் மனுப் போடும்போது ‘மத்திய அரசுத் தேவை’ என்ற கட்டத்தைத் தேர்ந்தெடுக்க மறந்தால் வில்லேஜ் ஆபீசர் கையெழுத்தோடு வந்து நிற்கும்.

வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். சித்தூர் தாலுகாத் தென்னந்தோப்புக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மத்தியக் கணக்கில் விவசாய வருமானத்தை அந்த 8 லட்சத்தில் கூட்டுவதில்லை. நிலத்தின் அளவுக்குத் தனி வரம்பு உண்டு. தேங்காய் விற்ற பணத்தைக் கூட்டி மனுவைத் தள்ளினால், எழுத்தில் காரணம் கேட்டு வாங்கி மேல்முறையீடு செய்யுங்கள். சான்றிதழின் தேதி அந்த நிதியாண்டுக்குள், அதாவது ஏப்ரல் 1-க்குப் பிறகு இருக்க வேண்டும். மார்ச்சில் வாங்கியது பழசாகிவிடும். கேட் விண்ணப்பத்தில் ஒரு முறை கொடுத்த பிரிவைப் பின்னால் மாற்ற முடியாது.

மொழிப் பிரச்சினையும் உண்டு. மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவித்த இடங்களில் உள்ள உள்ளூர் ஆபீஸ்களுக்குத் தமிழிலேயே மனு எழுதலாம், தமிழில் பதிலும் பெறலாம். 1969 கேரள ஆட்சிமொழிச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஆனால் கல்லூரிக்குக் கொடுக்கும் சான்றிதழை ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள். மலையாளத்தில் மட்டும் உள்ள காகிதத்துக்குக் கோவையில் மொழிபெயர்ப்பும் நோட்டரியும் கேட்பார்கள், வீண் செலவு.

மற்றவை சுருக்கமாக: ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், புரவிஷனல் (தற்காலிகப் பட்டச் சான்று), டிசி (மாற்றுச் சான்றிதழ்), நன்னடத்தைச் சான்று, மைக்ரேஷன் (பல்கலைக்கழகம் மாறுவதற்கான சான்று), வருமானச் சான்று, நேட்டிவிட்டி. பல்கலைக்கழகம் மாறினாலே மைக்ரேஷன் வேண்டும். வேறு மாநிலப் பல்கலைக்கழகத்துப் பட்டம் என்றால் எலிஜிபிலிட்டி அல்லது ஈக்விவலன்சி சான்றிதழும் கேட்பார்கள். அதைச் சேரப்போகும் பல்கலைக்கழகத்திடம்தான் வாங்க வேண்டும், படித்த இடத்தில் அல்ல. ரிசல்ட் வந்த வாரத்திலேயே மைக்ரேஷனுக்குப் பணம் கட்டிவிடுங்கள். கடைசி செமஸ்டர் ரிசல்ட் கேரளத்தில் தாமதமாகி, தமிழ்நாட்டுக் கவுன்சலிங் தேதி முந்திக்கொள்வது உண்டு. அப்படியானால் கல்லூரி முதல்வரிடம் ‘ரிசல்ட் இன்னும் வெளியாகவில்லை’ என்று கடிதம் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, கால அவகாசம் உண்டா என்று கவுன்சலிங் உதவி மையத்தில் கேளுங்கள்.

தமிழ்நாட்டுப் பக்கத்துச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய். மனு விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மூன்று கை மாறும். ஆன்லைனில் போட்டாச்சே என்று சும்மா இருக்காதீர்கள். எந்தக் கையில் நிற்கிறது என்று வாரம் ஒரு முறை பார்த்து, அங்கே நேரில் போய் நில்லுங்கள்.

6. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது

எல்லையை ஒட்டியே நல்ல இடங்கள் இருக்கின்றன. வாளையாறைத் தாண்டிய உடனே எட்டிமடையில் அம்ரிதா, கோவைக்குள் பிஎஸ்ஜி, ஜிஆர்ஜி, பாரதியார் பல்கலைக்கழகம். தெற்கே கொச்சிப் பல்கலைக்கழகம். எங்கே போனாலும் பார்க்க வேண்டியது:

ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அனுமதி இந்த ஆண்டுக்கு உண்டா, எத்தனை இடத்துக்கு? நாக் அல்லது என்பிஏ தர அங்கீகாரம் உண்டா? கல்விக் கடனுக்கு வட்டி மானியம் கிடைப்பது இதைப் பொறுத்தது என்பதால் விட்டுவிடாதீர்கள்.

வேலைவாய்ப்பு அறிக்கையில் சராசரிச் சம்பளத்தைப் பார்க்காதீர்கள், மீடியனை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் சம்பளத்தை) கேளுங்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் 4 லட்சத்துக்கும் ஒருவர் 24 லட்சத்துக்கும் போனால் சராசரி 6 லட்சம் என்று பளபளக்கும். மீடியன் 4 என்ற உண்மையைச் சொல்லிவிடும். பிறகு, எத்தனை பேர் ‘ஃபைனான்ஸ்’ வேலைக்குப் போனார்கள் என்று கேளுங்கள். இன்சூரன்ஸ் பாலிசி விற்பதையும் கிரெடிட் கார்டு பிடிப்பதையும் ஃபைனான்ஸ் கணக்கில் சேர்க்கும் கல்லூரிகள் இருக்கின்றன. பதவியின் பெயரோடு பட்டியல் தராத இடத்தில் ஒரு முறைக்கு இருமுறை யோசியுங்கள்.

7. நேர்முகத்தில் உங்கள் ஊரே கேள்வியாக வரும்

‘வாளையாறா? செக்போஸ்ட் இப்போது என்ன ஆச்சு?’ என்று ஒருவர் கேட்டால், அது ஊர் விசாரிப்பு அல்ல. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்ததும் வணிகவரிச் சோதனைச் சாவடி ஏன் தேவையில்லாமல் போனது, மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு ஐஜிஎஸ்டி எப்படிக் கணக்காகிறது, சரக்கு எங்கே விற்கிறதோ அந்த மாநிலத்துக்கு வரி ஏன் போகிறது, 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு ஏற்றினால் இ-வே பில் எதற்கு என்று நான்கு நிமிடம் பேச வேண்டிய இடம் அது.

நகைக்கடனும் அப்படித்தான். மணப்புரம் திருச்சூர் மாவட்டத்தில், முத்தூட் ஃபைனான்ஸ் கொச்சியில் என்று நகைக்கடன் நிறுவனங்கள் தலைமையிடம் வைத்திருக்கும் மாநிலத்திலிருந்து போகிறீர்கள். அடகு வைக்கும் நகையின் மதிப்பில் எத்தனை சதவீதம் கடன் தரலாம் என்று தெரியாமல் விழிக்கக் கூடாது. நீண்ட காலம் 75 சதவீதமாக இருந்தது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதியில் இரண்டரை லட்சம் வரை 85, ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 என்று பிரித்தது. தங்கம் விலை இறங்கினால் கடன் கொடுத்தவருக்கு என்ன ஆகும் என்பதுதான் அடுத்த கேள்வி.

பி.காம் படித்தவரிடம் அடிப்படைக் கணக்கியலை உறுதியாகக் கேட்பார்கள். தேய்மானம் பணப்பாய்வு அறிக்கையில் ஏன் திரும்பக் கூட்டப்படுகிறது என்பதற்கு மனப்பாட வரி வேண்டாம். லாரி வாங்கிய பணம் வாங்கிய அன்றே போய்விட்டது, வருடா வருடம் கழிப்பது கணக்கில் மட்டும்தான், பணம் எதுவும் வெளியே போகவில்லை. இப்படிச் சொல்லத் தெரிந்தால் போதும். ஆங்கிலம் தடுக்கினால் பரவாயில்லை, கணக்கு தடுக்கக் கூடாது.

8. பணம்: கடன் வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்

7 லட்சம் கடன், வட்டி 10 சதவீதம் என்று வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை 1.75 லட்சமாக நான்கு தவணையில் பேங்க் கல்லூரிக்கு அனுப்புகிறது. படிப்பு இரண்டு வருடம், அதற்கு மேல் ஒரு வருடம் தவணை இல்லை. இந்த மூன்று வருடத்தில் ஏறும் தனிவட்டி சுமார் 1,57,500. கட்டத் தொடங்கும்போது கடன் 8,57,500. ஏழு வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 14,200. படிக்கும்போதே வட்டியை மட்டும் வீட்டிலிருந்து கட்டி வந்தால் மாதத் தவணை 11,600 அளவில் நிற்கும். கல்லூரியின் மீடியன் சம்பளத்தில் கைக்கு வருவது எவ்வளவு, அறை வாடகை போக இந்தத் தவணை தாங்குமா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.

விண்ணப்பம் கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில். 4 லட்சம் வரை நீங்கள் கையிலிருந்து பணம் போட வேண்டாம், அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம். 7.5 லட்சம் வரையான கடனுக்கு மத்திய உத்தரவாத நிதி உண்டு, எனவே சொத்து அடமானம் கேட்கத் தேவையில்லை. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால், அங்கீகாரம் பெற்ற தொழிற்படிப்புக்கு, 10 லட்சம் வரை கடனுக்கு படிப்பும் அதற்கு மேல் ஒரு வருடமும் சேர்ந்த, தவணை இல்லாத காலத்து வட்டியை அரசே கட்டும். 2024 நவம்பரில் வந்த பிஎம் வித்யாலட்சுமியில், தேர்ந்தெடுத்த தரமான கல்லூரிகளில் சேர்கிறவர்களுக்கு அடமானமும் ஜாமீனும் இல்லை. 8 லட்சம் வரை வருமானமுள்ள குடும்பத்துக்கு 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

எல்லைக்காரர்களுக்கென்றே பேங்க்கில் ஒரு பல்லவி உண்டு. ‘வீடு கேரளம், காலேஜ் தமிழ்நாடு, இது எங்க ஏரியா இல்ல. அங்க போய்க் கேளுங்க.’ அங்கே போனால் இங்கே அனுப்புவார்கள். கல்விக் கடனுக்கு ‘சர்வீஸ் ஏரியா’ கட்டுப்பாடு பொருந்தாது, அதைக் காரணம் காட்டி நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 நவம்பரிலேயே பேங்க்குகளுக்குச் சொல்லிவிட்டது. மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்கு மேல் அதே பேங்க்கின் மண்டல ஆபீஸ், பிறகு ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்).

பேங்க்குக்குக் கொண்டு போக வேண்டியவை: சேர்க்கை ஆணை, செமஸ்டர் வாரியான ஃபீஸ் விவரம் கல்லூரி லெட்டர்ஹெட்டில், நுழைவுத் தேர்வு மதிப்பெண் அட்டை, வருமானச் சான்று, அப்பா அம்மாவின் பான், ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட். மேனேஜ்மென்ட் கோட்டாவுக்குப் பல பேங்க்குகள் முகம் சுளிக்கும். வட்டி மானியத்திலும் சிக்கல் வரும். லேப்டாப், ஹாஸ்டல், மெஸ் செலவையும் ஃபீஸ் விவரத்திலேயே சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். பின்னால் கூடுதல் தொகை கேட்டால் ஃபைல் மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் பெற்றோர் வருமான வரம்பு 2.5 லட்சம். வேறு மாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். முதல் படியில் எந்த மாநிலத்தைப் பிடித்தீர்களோ அது இங்கேயும் வந்து நிற்கும்.

9. சீட் கிடைத்த பிறகு

இரண்டு இடத்தில் கிடைத்தால் முதல் இடத்தில் பணம் கட்டிவிட்டு இரண்டாவதற்காகக் காத்திருப்பீர்கள். ஏஐசிடிஇ விதிப்படி வகுப்பு தொடங்குமுன் விலகினால், அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் திருப்ப வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கான யுஜிசி கணக்கு: சேர்க்கைக் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் சிறு பிடித்தம் போக முழுத்தொகை, 15 நாளுக்குள் 90 சதவீதம், கடைசித் தேதிக்குப் பின் 15 நாள் வரை 80, 30 நாள் வரை 50, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பி, அதே நாளில் நேரிலும் கொடுத்து, சீல் வைத்த நகல் வாங்குங்கள். கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.

ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது. சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும். டிசியும் மைக்ரேஷனும் மட்டும் சேர்ந்த இடத்தில் தங்கும். அவற்றைக் கொடுப்பதற்கு முன், இரண்டு பக்கமும் கலரில் ஸ்கேன் எடுத்து வையுங்கள். கொடுத்ததற்கு எந்தெந்தத் தாள், என்ன நம்பர் என்று எழுதிய ரசீது வாங்குங்கள். நடுவில் கல்லூரி மாற நேர்ந்தால், மைக்ரேஷனின் நகலுக்கு மறுபடியும் பழைய பல்கலைக்கழகத்தில்தான் மனுப் போட வேண்டும். அப்போது முதலில் கேட்பது அந்த நம்பரைத்தான்.